தண்ணீர்க் கட்டங்கள்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கேட்டவர் மேல் இல்லை. "படம் சுருக்குகிற வேலை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, வெயிலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவேன். என் மனைவிக்கே அதற்குமேல் தெரியாது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவன். ஓடுகிற படத்தை எண்களாக மாற்றி, அந்த எண்களையும் குறைத்து, ஒரு டெலிபோன் கம்பி வழியாக அனுப்ப முடியுமா என்பதுதான் என் தலையில் கட்டிவிட்ட கேள்வி. எங்கள் பக்கத்தில் டெலிவிஷன் பெட்டியைக் கண்ணால் கண்டவர்களே அப்போது கிடையாது. தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த என் அக்கா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "இல்லாத டெலிவிஷனச் சுருக்குதானாம் என் தம்பி. வந்த பொறவு சுருக்கினா ஆகாதாக்கும்!"

விஷயம் எளிதுதான். ஒரு படத்துக்கும் அதற்கு அடுத்த படத்துக்கும் முக்கால்வாசி மாறுவதே இல்லை. சுவர் சுவராகவே இருக்கிறது. மாறுகிற கால்வாசியும் புதிதாக முளைப்பதில்லை, இடம்தான் பெயர்கிறது. அப்படியிருக்க ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவானேன்? முதல் படத்தை மட்டும் அனுப்பு. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு கட்டமும் அடுத்த படத்தில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் வைத்து வைத்துப் பார். எந்த இடத்தில் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஆகக் குறைவோ, அங்கேதான் அது போயிருக்கிறது. "இந்தக் கட்டம் வலப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று" என்று மட்டும் சொல்லியனுப்பினால் போதும். அசையாத கட்டத்துக்கு ஒரு பூஜ்யம். பூஜ்யம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு லாபம். பூஜ்யத்துக்காக நான் நாயாய் அலைந்த காலம் அது.

கல்லூரியில் இருந்ததோ ஒரே ஒரு படச்சுருள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். அதை வைத்து என்னத்தைக் கிழிப்பது? எனக்கு, அசையவே அசையாத ஒன்றும் நன்றாக அசைகிற ஒன்றும் ஒரே படத்தில் வேண்டும். "எங்க ஊர்ல கடல் இருக்கு, நான் எடுத்துக்கிட்டு வாரேன்" என்று சவடால் அடித்து, இலாகாவின் பதினாறு மில்லிமீட்டர் காமிராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். சாவி கொடுத்து ஓட்டுகிற காமிரா அது. ஒரு தடவை சாவி கொடுத்தால் அரை நிமிஷம் கிர்ரென்று ஓடிவிட்டுத் தானே நின்றுவிடும். இந்த அரை நிமிஷம்தான் கதை.

அக்கா வீடு முத்தையாபுரத்தில். அத்தானுக்குப் புதுத் துறைமுகக் கட்டுமானத்தில் வேலை. அக்கா தினமும் பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவாள். அவள் வகுப்பில் ஒரு கடற்கரைப் பிள்ளை படித்தது. அதன் அப்பா சங்கு குளிப்பவர். முத்துக் குளிப்பு அதற்குப் பல வருஷம் முன்பே நின்றுபோயிருந்தது, அப்போது சங்குதான். கல்லோடு முங்குவார், அடியில் கிடக்கிற சங்கைப் பொறுக்கிப் பைக்குள் போடுவார், மூச்சு முட்டுவதற்குள் இடுப்புக் கயிற்றை வெடுக்கென்று இழுப்பார். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் மறு யோசனை இல்லாமல் தூக்கிவிட வேண்டும். அவர்களுடைய வள்ளத்தில் கயிறு பிடித்தவர் அந்தப் பிள்ளையின் தாய்மாமன். அக்கா சொல்லித்தான் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போகச் சம்மதித்தார்கள்.

மாமனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கறுத்த, அகலமான மனிதர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். முதல் நாள் துறையில் வைத்து, "மச்சானுக்கு நீங்கதான் பிடிக்கணுமா அண்ணாச்சி? வேற ஆளு பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அதெப்பிடித் தம்பி? பொண்டாட்டி கூடப் பொறந்தவந்தான் பிடிக்கணும். எங்க வழக்கம் அது. வேத்தாளு பிடிச்சா கவனம் அங்கன இங்கன போயிரும். தங்கச்சி தாலிய நெனச்சா எவனுக்காவது போவுமா?" என்றார். பக்கத்தில் நின்ற மச்சான், அதாவது அந்தப் பிள்ளையின் அப்பா, "ஆமா, பெரிய கவனம்! நேத்துப் பீடி பத்த வச்சுக்கிட்டுல்லா தூக்கினீரு" என்று சீண்டினார். மாமன் தோளில் கிடந்த லேஞ்சித் துண்டை எடுத்து அவர் தலையில் ஓர் அடி போட்டார். அப்படிப் பழகுகிறவர்கள்.

மூன்று நாள் போனேன். இரண்டு நாள் எடுத்தது ஒன்றுக்கும் உதவாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எல்லாமே ஆடுகிறது. வள்ளம் ஆடுகிறது, ஆள் ஆடுகிறார், நான் ஆடுகிறேன். மூன்றாம் நாள் காலையில் காற்று விழுந்து கடல் தட்டையாகக் கிடந்தது. நான் பக்கத்து வள்ளத்தில் இருந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் மாமன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மச்சான் முங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். காமிரா வழியாகப் பார்த்தேன். ஒரு மனிதர், ஒரு கயிறு, பளபளவென்று தண்ணீர். இதைவிட நல்ல படம் எனக்கு வாய்க்காது. ஆனால் அவர் தலையைத் தண்ணீர்ப் பக்கம் சாய்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தார். முகம் அசையாத கட்டமாக வேண்டுமே எனக்கு!

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. கொஞ்ச நேரம் ஆடாம அசையாம இருங்க. நான் கைய இறக்குத வரைக்கும்" என்றேன். வலது கை காமிராவில். இடது கையை உள்ளங்கை தெரிய அவருக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, சிரித்த முகமாக அப்படியே இருந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். டீச்சர் தம்பி கேட்கிறான், படித்த பையன், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். அவருடைய வள்ளத்தில் மற்ற இரண்டு பேரும், என் வள்ளத்தில் இருந்தவர்களும் அவரவர் ஆளைத் தூக்குகிற மும்முரத்தில் மறுபக்கம் திரும்பியிருந்தார்கள். நான் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை.

காமிரா ஓடியது. பாதியில் அவர் சிரிப்பு கொஞ்சம் மாறியதைப் பார்த்தேன். கண் ஒரு தரம் கீழே போய்விட்டுத் திரும்ப என்னிடம் வந்தது. நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். ஆமாம், உயர்த்தினேன். சாவி தீர்ந்து சத்தம் நின்றதும் கையை இறக்கினேன். இறக்கின அதே நொடியில் அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். எனக்கு ஏன் இந்த அவசரம் என்றுதான் தோன்றியது.

மச்சான் மேலே வந்தபோது கண் திறந்திருந்தது. மூக்கில் ரத்தம். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். "மாதாவே, மாதாவே" என்று மாமன் கத்தியது கடல் முழுக்கக் கேட்டது. கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துறையில் மச்சானின் மனைவி மணலில் விழுந்து புரண்டதை நான் கொஞ்சம்தான் பார்த்தேன். அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து நான் முதலில் துடைத்தது காமிராவைத்தான். உப்புக் காற்றுப் பட்டால் கெட்டுவிடுமாம். சீ!

படச்சுருளைக் கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்பினேன். அனுப்பாமல் கடலில் எறிந்திருக்கலாம். அதில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு நல்ல படம் வேறு என்னிடம் இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

சுருள் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். இன்றைக்கு இருக்கிற இயந்திரங்கள் அன்றைக்கு ஏது? படத்தை எண்ணாக்க மனிதக் கண்தான் வேண்டும். அந்த அரை நிமிஷச் சுருளிலிருந்து, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் முப்பது படங்களைத் தனித்தனியாக வெட்டிக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்தேன். மிச்சத்தையும் சோதனைக்கென்று கண்டபடி வெட்டிப் போட்டேன். பட்டப்பகலில் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, சுவரில் வரைபடத் தாளை ஒட்டி, படத்தை அதன்மேல் விழவைத்தோம். வெளுப்புக்கு பூஜ்யம், முழுக் கறுப்புக்கு ஏழு. அக்கா ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் எழுத வேண்டும். ஒரு படத்துக்கு ஆயிரம் எண். "நாலு, நாலு, அஞ்சு, ரெண்டு" என்று அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேகத்தில் சொல்லிக்கொண்டே போவாள். யாருடைய முகத்தை வாசிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. வெயில் பட்டு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி மினுங்கும். அதையும் கணக்கில் எடுத்தால் எல்லாக் கட்டமும் அசைந்ததாக வரும், பூஜ்யமே கிடைக்காது. அதனால் ஒரு விதி போட்டேன். தண்ணீர்க் கட்டங்களை முதல் படத்தில் மட்டும் வாசிப்பது. மற்ற இருபத்தொன்பதிலும் அவை அசையவில்லை என்று வைத்துக்கொள்வது. தண்ணீர் மினுங்குவதை அனுப்பாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

எட்டாவது படத்தில் அக்கா நிறுத்தினாள்.

"ஏலே, இது தண்ணி இல்ல. இங்கன ஒரு கறுப்புக் கோடு கீழ எறங்கியிருக்கு. கயிறுல்லா இது?"

"கயிறு தண்ணிக்குள்ள போற இடம்க்கா அது. அந்தக் கட்டமெல்லாம் தண்ணிக் கணக்குதான். முட்டை போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"ரெண்டு புள்ளி எறங்கியிருக்குலே."

"உனக்கு ஒரு எழவும் தெரியாது. சொன்னதச் செய்யி" என்று கத்தினேன். என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் அப்படிக் கத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று எனக்குள் எங்கோ தெரிந்துதான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எண்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் அட்டைகளில் துளை போட்டு, கம்ப்யூட்டரில் ஓட்டி, நீள நீளக் காகிதமாக அடித்துக்கொண்டு வந்தேன். முகத்துக்கு பூஜ்யம். வள்ளத்துக்கு பூஜ்யம். தண்ணீருக்கு பூஜ்யம். அவ்வளவு பூஜ்யத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அக்காவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று வந்த இடத்தில்தான், கடற்கரை ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மூன்று மாசமாக ஊரில் பேச்சாம். கயிறு பிடித்தவன் கவனிக்கவில்லை, அதனால்தான் ஆள் போய்விட்டான் என்று. மாமன் ஒன்றும் சொல்வதில்லையாம், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாராம். அவர் கையில் யாரும் இனிக் கயிறு கொடுக்க மாட்டார்கள். அது போகட்டும், தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றால் அவள் கதவைச் சாத்துகிறாள். தினமும் போகிறார், தினமும் சாத்துகிறாள். அந்தப் பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவே நின்று அழுகிறதாம்.

"தம்பி படம் பிடிச்சீகளாமே. கயிறு இழுபட்டுச்சா இல்லையான்னு அதுல தெரியுமா? இழுபடலன்னா அவன் மேல குத்தமில்ல. மச்சானுக்கு உள்ளயே மயக்கம் வந்திருக்கும்னு விட்டுரலாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாதா கோயில்ல வச்சுக் கேக்கோம். வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வெட்டிவிட்டேன், இனி ஓடாது என்றேன். அது உண்மை. காகிதத்தை மேஜைமேல் விரித்தேன். ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்த அந்தக் காகிதத்தை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தொட்டும் பார்த்தார். "இதுதான் கயிறு தண்ணிக்குள்ள போற எடம். முப்பது படத்துலயும் அசைவு பூஜ்யம்" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப இழுபடவே இல்ல?"

"அசையலன்னுதான் இதுல இருக்கு."

"மிஷின் பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாது" என்றேன்.

மிஷின் பொய் சொல்லவில்லை. நான் போட்ட பூஜ்யத்தை அது எனக்கே திருப்பிக் கொடுத்தது. அந்தப் பூஜ்யத்துக்கு அசையவில்லை என்று அர்த்தமே இல்லை, நான் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அங்கே இருந்தவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அந்த மனிதரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கயிறு அசைந்தது என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். பிறகு ஏன் தூக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் நான். அந்தப் பதில் என்னைத் தேடி வராமல் இருக்கத்தான் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மாமன் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றி இல்லை, கோபமும் இல்லை. எவ்வளவு யோசித்தும் அது என்ன பார்வை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே அவர் தங்கச்சி கதவைத் திறந்துவிட்டாள் என்று அக்கா பிறகு சொன்னாள். ஆனால் அவர் கயிறு பிடிக்கத் திரும்பப் போகவில்லை. ஊரே கூப்பிட்டும் வேண்டாம் என்றுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போய்விட்டார்.

ஏழு வருஷம் ஓடியது. அந்தக் காகிதம் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஆயிற்று. பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. கட்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெருமையாக முத்தையாபுரம் வந்தேன். அக்கா வாங்கிப் புரட்டினாள். அந்த அட்டவணை வந்த பக்கத்தில் நின்றாள். எழுந்து உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"பெரிய டாக்டராயிட்டீரு. இதையும் ஒருக்கா கணக்குப் போட்டுப் பாரும்."

திறந்தேன். அவளுடைய குண்டு குண்டான எழுத்து. முப்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நான் வாசிக்க வேண்டாம் என்று சொன்ன அந்தக் கயிற்றுக் கட்டங்கள். அந்த லீவில் நான் வெளியே போயிருந்த நேரங்களில் தனியாக உட்கார்ந்து வாசித்து எழுதியிருக்கிறாள்.

"ஏன்க்கா அப்பவே குடுக்கல?"

"குடுத்தா அந்தப் பிள்ளையோட மாமன ஊரு கொன்னுருக்கும். அப்போ தெனமும் என் முன்னாடி உக்காந்து படிச்ச பிள்ளலே அது. அது மூஞ்சிக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா நீ இதப் புஸ்தகமா கட்டிக்கிட்டு வந்து நிக்கும்போது எனக்கு வயிறு எரியுது. போடு கணக்க."

கம்ப்யூட்டரெல்லாம் தேவைப்படவில்லை. சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் தாளுமாக ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. ஒவ்வொரு படத்தின் கயிற்றுக் கட்டத்தையும் அடுத்த படத்தில் வைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று, கீழே இரண்டு என்று நகர்த்தி நகர்த்திக் கழித்துப் பார்த்தேன். எட்டாவது படத்தில் கயிறு கீழே இரண்டு. பதினொன்றில் கீழே இரண்டு. பதினேழில் கீழே ஒன்று. அதற்குப் பிறகு முப்பது வரை பூஜ்யம். அந்தப் பூஜ்யங்கள் மட்டும் உண்மையான பூஜ்யங்கள்.

மூன்று தடவை இழுத்திருக்கிறார். மூன்றாம் தடவை பலம் குறைந்திருக்கிறது. அதற்கப்புறமும் நான் பதின்மூன்று நொடி கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அக்கா தட்டிக்கொடுக்கவில்லை. "என்கிட்ட அழுது என்ன புண்ணியம்? போயி அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டச் சொல்லு. காகிதம் தப்புன்னு சொல்லு. ஊருக்குச் சொல்லாண்டாம், அவளுக்குச் சொல்லு" என்றாள். நான் கையை உயர்த்தின கதை அவளுக்கும் தெரியாது. அவளிடமும் நான் சொல்லவில்லை.

மறுநாள் சாயந்திரம் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். "டீச்சர் தம்பியா? உள்ள வாங்க சார்" என்று அந்தப் பெண் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவள் புருஷன் படம் இருந்தது. பிள்ளை பத்தாவது முடித்துவிட்டதாம், நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறதாம். குடிக்கக் கலர் வாங்கிவரப் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மாமன் வேலையிலிருந்து வந்து பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஆரம்பித்தேன். "அன்னைக்குக் கோயில்ல நான் காட்டின காகிதம் தப்பு. கயிறு அசைஞ்சிருக்கு. மூணு தடவை."

அவள் அதிரவில்லை. வந்த கலரை ஊற்றி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தெரியும் சார்" என்றாள். "அன்னைக்கே அண்ணன் வந்து சொல்லிட்டாவ. கோயில்லருந்து நேரே இங்கதான் வந்தாவ. ஊரு நம்புனதக் கேட்டு நானும் கதவத் தொறந்தேன். உள்ள வந்ததும் கால்ல விழுந்துட்டாவ. 'அவன் இழுத்தான் தங்கச்சி, என் கைக்குத் தெரிஞ்சது, நான் தூக்கல'ன்னு ஏங்கி ஏங்கி அழுதாவ. சாத்தணும்னுதான் வந்துச்சு. தானா வந்து ஒத்துக்கிட்ட மனுசன எப்பிடி சார் வெளிய தள்ள? ஒரு தட்டுல சோத்தப் போட்டு வச்சேன்."

நான் பெரிதாகச் சுமந்துகொண்டு வந்ததை அவர் ஏழு வருஷத்துக்கு முன்பே, அதே நாளில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தன் பங்கை மட்டும். என் பங்கை அவர் தொடவே இல்லை.

"ஆனா ஒண்ணு சார்" என்று அவள் முன்னால் சாய்ந்தாள். குரல் இறங்கியது. "ஏன் தூக்கலன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்காவ. ஏழு வருசமா கேக்கேன். கொடியில காயுத சேலை லேசா ஆடுனாலே திரும்பிப் பாக்குத மனுசன் சார் அவுக. அன்னைக்கு ஏன் அப்பிடியே இருந்தாவ? அவுகளுக்கு என் மேல, இல்ல எங்க வீட்டுக்காரர் மேல, ஏதும் மனசுல இருந்துச்சோன்னு நெனச்சு நெனச்சு நான் படுத பாடு மாதாவுக்குத்தான் தெரியும். நீங்க எதுத்த வள்ளத்துல இருந்தீக. படமும் பிடிச்சீக. அந்நேரம் எங்கண்ணன் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாவ? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

என்னை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் பின்கட்டு வாசலில் மாமன் வந்து நின்றார். ஈரக் கை. தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அவளுடைய கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, இடது கையை மெல்ல உயர்த்தினார். உள்ளங்கை எனக்கு நேரே விரிந்திருந்தது. அன்றைக்கு நான் அவருக்குக் காட்டிய அதே கை.

புருஷன் அடியில் கிடந்து இழுக்க இழுக்க அண்ணன் ஒரு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிவதைவிட, அவள் தன்னைச் சந்தேகப்படுவதே மேல் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். எனக்குப் புரிந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இந்த இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

அவர் கையை இறக்கவில்லை. நான் அசையவில்லை.